ஸ்கீ சரிவுக்கு முன் பன்னிரண்டு கிழமைகள்: வீட்டுச் சைக்கிளும் ஒரு படியும்

அன்றைக்கு மூன்றாவது தடவை இறங்கும்போதுதான் என் தொடை எரியத் தொடங்கியது. நீலச் சரிவு, அதாவது இலகுவானது. எங்கே வளைய வேண்டும் என்று தெரிந்தது, எப்படி வளைவது என்றும் தெரிந்தது. ஆனால் முழங்காலை மடித்தபடி உடம்பைத் தாங்கிப் பிடிக்க முன்தொடையில் பலம் மிச்சம் இருக்கவில்லை. உடம்பு பின்னுக்குச் சாய்ந்தது, ஸ்கீ இரண்டும் முன்னுக்கு ஓடின, இடது முழங்கால் முறுகியது. நார் அறுந்துபோகவில்லை, இழுபட்டதோடு தப்பியது. ஆறு கிழமை பிசியோதெரபிக்குப் போனேன்.

நான் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க நின்று, நடந்து, ஈரத் துணிக் கூடைகளைத் தள்ளுகிற வேலை. அதோடு அந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டில் சைக்கிள் மெசினும் ஓடியிருந்தேன், நாளுக்கு அரை மணித்தியாலம். கால் பலமாகத்தான் இருக்கிறது என்று நம்பினேன். பிசியோதெரபிஸ்ட் என்னை ஒரு சின்னப் படியில் ஏறி, ஒற்றைக் காலில் ஆறுதலாக இறங்கச் சொன்னார். ஏறினேன், ஒன்றுமில்லை. இறங்கும்போது பாதி வழியில் முழங்கால் உள்ளுக்குச் சாய்ந்து, தொடை நடுங்கி, மற்றக் கால் தொப்பென்று தரையில் விழுந்தது. "உங்கள் கால் தள்ளப் பழகியிருக்கிறது. பிடித்து நிற்கப் பழகவில்லை" என்றார் அவர்.

அதற்குப் பிறகு நான்கு குளிர்காலம் போய்விட்டது. மெசினை விற்கவில்லை, அதைப் பாவிக்கிற விதத்தை மாற்றினேன். இப்போது மகளோடு ஒரு நாள் முழுக்கச் சரிவில் நிற்க முடிகிறது. நாற்பது வயதுக்குப் பிறகு ஸ்கீ பழகுகிற எங்கள் ஆட்கள், முக்கியமாகப் பிள்ளைகளின் பின்னால் போகிற அம்மா அப்பாக்கள், இதை வாசிக்க வேண்டும் என்று விரும்பி எழுதுகிறேன்.

சரிவு காலிடம் கேட்பது என்ன

சைக்கிளை மிதிக்கும்போது முன்தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. படி ஏறும்போதும் அப்படித்தான். ஸ்கீயில் அதே தசை பாரத்தைத் தாங்கியபடி நீள வேண்டும். மலை உங்களைக் கீழே இழுக்கிறது, வளைவின் வெளிப்பக்கத்துக் கால் அந்த இழுப்பை வாங்கி ஆறுதலாக மடிகிறது. தசைக்கு இது பிரேக் பிடிக்கிற வேலை. மலையிலிருந்து நடந்து இறங்கிய மறுநாள் தொடை ஏன் உளைகிறது என்று யோசித்துப் பாருங்கள், அதே காரணம்தான்.

இரண்டாவது, வேலையின் தாளம். இறங்குவது இரண்டு மூன்று நிமிடம், பிறகு கதிரை லிஃப்டில் எட்டுப் பத்து நிமிட ஓய்வு, திரும்ப இறக்கம். இப்படிக் காலையிலிருந்து பின்நேரம் வரை. அதனால் ஒரே வேகத்தில் அரை மணித்தியாலம் மிதித்துப் பழகிய உடம்புக்கு இது புதிதாக இருக்கும். உயரமும் சேர்கிறது. பேர்ண் ஏறக்குறைய 540 மீட்டரில் இருக்கிறது, ஸ்கீக்குப் போகிற கிளைன ஷைடெக் மலைக்கணவாய் 2061 மீட்டரில். மேலே போனால் சாதாரணமாக நடக்கவே கொஞ்சம் இளைக்கும்.

ஆகவே மெசின் மூச்சையும் சகிப்பையும் தரும். பிரேக் பிடிக்கிற பலத்தை நாம் மெசினை விட்டு இறங்கிய பிறகுதான் கட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதுதான் என் முறை: மெசினில் காலைக் களைக்க வைத்து, களைத்த காலுக்குப் பிடித்து நிற்கப் பழக்குவது.

சைக்கிள்

எங்கள் வீட்டில் இருப்பது பழைய பொருள் கடையில் 80 பிராங்குக்கு வாங்கிய எர்கோமீற்றர். மிதிக்கிற பலத்தை வாட்ஸ் எண்ணாகக் காட்டும். அந்த ஒரு வசதிக்காகவே அதை எடுத்தேன், மற்றக் கணக்குகள் எல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. வாட்ஸைக் கொப்பியில் எழுதி வைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் ஆசனத்தின் உயரம். இருந்தபடி குதிக்காலைக் கீழே இருக்கிற மிதியில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு வழமைபோல முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்காலில் சின்ன மடிப்பு மிச்சம் இருக்கும். அதுதான் சரியான உயரம். ஆசனம் பதிந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும். பல பேர் "சைக்கிள் எனக்கு ஒத்துவரவில்லை" என்று விட்டுவிடுவதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

முதல் மூன்று கிழமையும் 25 முதல் 30 நிமிடம் ஒரே சீராக ஓடுங்கள். பக்கத்தில் இருக்கிற ஆளோடு முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும், அவ்வளவு வேகம் போதும். நான் 70 வாட்ஸில் தொடங்கினேன். உங்கள் எண் வேறாக இருக்கும், அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

நான்காவது கிழமையிலிருந்து சரிவின் தாளத்துக்கு மாறுங்கள். ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி, ஒரு நிமிடம் இறுக்கி, இரண்டு நிமிடம் இலேசாக. இப்படி ஆறு தடவை. இறுக்கும் நிமிடத்தில் இரண்டு சொல்லுக்கு மேல் கதைக்க முடியக் கூடாது. எட்டாவது கிழமையில் இறுக்குவது இரண்டு நிமிடம், இலேசாக மூன்று நிமிடம், ஐந்து தடவை. கைப்பிடியில் தொங்க வேண்டாம். கையில் பாரத்தைப் போட்டால் காலும் நாரியும் தப்பித்துக்கொள்ளும்.

இறங்கியவுடன் படி

இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரம் குறைந்த நாளில் நான் சைக்கிளைப் பத்து நிமிடமாகக் குறைப்பேன், படியைக் குறைக்க மாட்டேன்.

ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயரமான, ஆடாத ஒரு படி வேண்டும். கட்டடப் படிக்கட்டின் கடைசிப் படியே போதும், பிடிக்கக் கைப்பிடியும் இருக்கும். வெறுங்காலோடு செய்யுங்கள், காலுறையோடு வேண்டாம், வழுக்கும். படியில் இடது காலில் நின்று, வலது காலை விளிம்புக்கு வெளியே விடுங்கள். இப்போது இடது முழங்காலை மடித்து, மனதுக்குள் நான்கு எண்ணி முடியும் வரை இறங்குங்கள். வலது குதிக்கால் தரையைத் தொட வேண்டும், அதில் பாரம் விழக்கூடாது. தரையில் ஒரு முட்டை இருக்கிறது என்று நினைத்துத் தொடுங்கள். பிறகு ஒரு எண்ணிக்கையில் எழும்புங்கள்.

கண் இருக்க வேண்டிய இடம் முழங்கால். அது இரண்டாவது கால்விரலுக்கு நேராகவே போய் வர வேண்டும். மூன்றாவது எண்ணிக்கையில்தான் ஆபத்து வரும்: தொடை இலேசாக நடுங்கும், முழங்கால் மற்றக் காலை நோக்கி உள்ளே சரியப் பார்க்கும். சரிவில் முழங்கால் முறுகுவதும் அந்தத் திசையில்தான். நடுக்கம் வந்தால் பரவாயில்லை, உள்ளே சரிந்தால் நிறுத்துங்கள். அல்லது படியின் உயரத்தைக் குறையுங்கள், தடித்த புத்தகம் ஒன்றைத் தரையில் வைத்து அதைத் தொட்டால் போதும். நான் முதல் மாதம் முழுவதும் மகளின் அகராதியை வைத்துத்தான் செய்தேன். முன்னால் ஒரு கண்ணாடி இருந்தால் நல்லது.

முதலில் ஒரு காலுக்கு ஆறு, இரண்டு சுற்று. நான்காவது கிழமையிலிருந்து எட்டு, மூன்று சுற்று.

அதன் பிறகு சுவர். முதுகைச் சுவரோடு சாய்த்து, கதிரையில் இருப்பதுபோலப் பதிந்து நில்லுங்கள். தொடை தரைக்குச் சமாந்தரமாக வரும் அளவுக்குப் பதிய வேண்டும் என்று முதல் நாளே கட்டாயம் இல்லை, கொஞ்சம் மேலேயே நிற்கலாம். 20 செக்கன், மூன்று தடவை. பிறகு 40, பிறகு ஒரு நிமிடம். மூச்சை அடக்கக் கூடாது, சத்தமாக எண்ணினால் தானாகவே மூச்சு வரும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்தச் சுவர்ப் பயிற்சியை நீளமாகப் பிடிக்காதீர்கள். அசையாமல் இறுக்கிப் பிடிக்கும்போது அழுத்தம் ஏறும். அவர்களுக்குப் படிப்பயிற்சி மட்டும் போதும்.

எட்டாவது கிழமை முதல் இரண்டையும் கலக்கலாம். சைக்கிளில் இரண்டு நிமிடம் இறுக்கியவுடன் இறங்கி, ஸ்கீயில் நிற்பதுபோலக் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் மடித்து, கையை முன்னுக்கு வைத்து 40 செக்கன் நிற்பேன். பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றதுக்கு ஆறுதலாக மாற்றுவேன். பிறகு ஏறி மூன்று நிமிடம் இலேசாக மிதிப்பேன். ஐந்து தடவை. சரிவின் மூன்றாவது இறக்கத்தில் வந்த அந்த எரிவு இங்கே, வீட்டு விறாந்தையில், அப்படியே வரும். முதலில் இங்கே சந்தித்துவிட்டால் அங்கே பயம் வராது.

துடுப்பு மெசின்

இடம் இருந்தால் சைக்கிளுக்கு அடுத்ததாக நான் சொல்வது, படகு வலிப்பதுபோலக் கைப்பிடியை இழுக்கிற இந்த மெசினைத்தான். காரணம் பின்தொடை. முழங்காலுக்குள் குறுக்காக ஓடுகிற முன் நாரை இங்கே எல்லோரும் குரொய்ட்ஸ்பாண்ட் என்பார்கள், ஸ்கீயில் மோசமாக அறுவது அதுதான். முன்தொடைத் தசை கீழ்க்கால் எலும்பை முன்னுக்கு இழுக்கிறது, பின்தொடைத் தசை அதைப் பின்னுக்குப் பிடித்து அந்த நாருக்குத் துணை நிற்கிறது. சைக்கிள் மட்டும் ஓடினால் முன்பக்கம் வளரும், பின்பக்கம் பின்தங்கும். துடுப்பு பின்தொடை, பிட்டம், நாரி எல்லாவற்றையும் சேர்த்து எழுப்பும்.

ஒழுங்கு முக்கியம். இழுக்கும்போது முதலில் கால் தள்ளும், பிறகு முதுகு சாயும், கடைசியில் கை இழுக்கும். திரும்பும்போது கை, முதுகு, கால். திரும்புவதற்கு இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுங்கள். நிமிடத்துக்கு 20 முதல் 24 இழுப்பு தாராளம். காற்றில் ஓடும் மெசின் என்றால் பக்கத்தில் இழுப்பின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க 1 முதல் 10 வரை ஒரு நெம்பு இருக்கும். பத்தில் வைத்தால்தான் பயிற்சி என்று நினைத்து நாரிப்பிடிப்போடு எழும்பியவர்கள் எனக்குத் தெரியும். 3 முதல் 5 வரை வையுங்கள், பலத்தைக் காலால் கூட்டுங்கள். 15 முதல் 20 நிமிடம், கிழமையில் ஒரு நாள்.

துடுப்பு இல்லை என்றால் மெசின் தேடி அலைய வேண்டாம். மல்லாந்து படுத்து, குதிக்கால்களைக் கதிரையில் வைத்து இடுப்பை உயர்த்துங்கள். மேலே மூன்று எண்ணிக்கை பிடித்து, ஆறுதலாக இறக்குங்கள். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. பின்தொடைக்கு அது நல்ல வேலை.

வாங்குமுன்

ட்ரெட்மில் வைத்திருப்பவர்கள் ஓட வேண்டியதில்லை. சாய்வை 8 முதல் 12 சதவீதம் ஏற்றி, மணிக்கு 4.5 கிலோமீற்றரில் கைப்பிடியைப் பிடிக்காமல் நடந்தால் பிட்டமும் கெண்டைக்காலும் நன்றாக வேலை செய்யும். பாதத்தைத் தூக்காமல் நீள்வட்டமாக மிதிக்கிற எலிப்டிகல் முழங்காலுக்கு மென்மையானது, நோ உள்ளவர்களுக்குச் சரி.

ஸ்கீ மெசின் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1975இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் எட் பால்ஸ் உருவாக்கிய நோர்டிக்ட்ராக், சமதரையில் தடியூன்றி வழுக்கிப் போகும் லங்லவுஃப் என்கிற ஸ்கீக்கானது. கயிற்றை மேலிருந்து கீழே இழுக்கிற ஸ்கீஎர்க்கும் அந்தத் தடியூன்றும் அசைவுக்கானதுதான். சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் மார்ச் மாதம் நடக்கிற 42 கிலோமீற்றர் லங்லவுஃப் ஓட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அவை அருமையான மெசின்கள். மலையிலிருந்து இறங்குகிறவருக்கு மூச்சும் வயிறும் பலப்படும், தொடைக்குத் தேவையான பிரேக் வேலை கிடைக்காது.

ஒரு மெசினும் வாங்க வசதியில்லையா? கட்டடத்தில் லிஃப்ட் இருந்தால் எல்லோரும் செய்வதற்கு எதிராகச் செய்யுங்கள்: லிஃப்டில் மேலே போய்ப் படியால் இறங்குங்கள். ஒவ்வொரு படியையும் இரண்டு எண்ணி, குதிக்கால் சத்தம் கேட்காமல். ஆறு மாடி, ஐந்து தடவை. பேர்ணில் இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல இடம் குர்டென் மலை. 1899இலிருந்து ஓடுகிற மலை ரயிலில் 858 மீட்டர் உச்சிக்குப் போய், அடிவாரத்தில் இருக்கிற வாபெர்ன் வரை நடந்து இறங்கினால் 270 மீட்டர் அளவு இறக்கம் காலுக்குக் கிடைக்கும். சனிக்கிழமைகளில் நான் செய்வது அதைத்தான். எந்த மெசினும் அதற்கு ஈடில்லை என்பது என் எண்ணம்.

கிழமை ஒழுங்கு

பெப்ரவரியில் பள்ளிக்கூடங்களின் விளையாட்டு விடுமுறை வருகிறது. அதிலிருந்து பின்னுக்கு எண்ணினால் நவம்பர் நடுப்பகுதியில் தொடங்க வேண்டும். செவ்வாய் சைக்கிளும் படியும், வியாழன் துடுப்பும் சுவரும், சனி இறங்கி நடப்பது. இடையில் ஒரு நாளாவது ஓய்வு. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில், மடித்த துவாய் ஒன்றின் மேல் நிற்பது தினமும். இது பழகியதும் கண்ணை மூடிப் பாருங்கள்.

இறங்குகிற பயிற்சியின் உளைவு உடனே வராது. மறுநாள் வரும், இரண்டாம் நாள் கூடும். முதல் தடவை வாசல்படி இறங்கவே கஷ்டமாக இருக்கும். இரண்டாவது மூன்றாவது தடவையில் அதே அளவு செய்தாலும் உளைவு நன்றாகக் குறையும், தசை கெதியில் பழகிவிடும். அதனால்தான் இதைக் கடைசிக் கிழமையில் தொடங்கக் கூடாது. உளைவு தொடை முழுக்கப் பரவி இருக்கும். மூட்டுக்குள் குத்துகிற நோ, வீக்கம், முழங்கால் பூட்டுப்போடுவது, இவை வேறு. அப்படி என்றால் நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

எங்கள் சமூகத்தில் நாற்பது தாண்டினால் நீரிழிவும் இதய நோயும் அதிகம். தொடங்குமுன் ஒரு தடவை வீட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். இன்சுலின் எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சீனி அளவு பார்க்க வேண்டும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு மெசின் முடிந்தது, உதவி கேளுங்கள்.

மாடி வீட்டில் இருப்பவர்கள் மெசினுக்குக் கீழே தடித்த ரப்பர் பாய் போடுங்கள். எங்கள் கட்டடத்தில் மத்தியானம் 12 முதல் 1 மணி வரையும் இரவு 10 மணிக்குப் பிறகும் சத்தம் கூடாது. துடுப்பு மெசினின் இரைச்சல் கீழ்வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். நான் பின்நேரம் ஆறு மணிக்குச் செய்வேன், கீழே இருக்கிற மூதாட்டியிடம் முதலே சொல்லிவிட்டேன்.

கடைசிக் கிழமையும் மலையும்

பன்னிரண்டாவது கிழமை எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். போவதற்கு மூன்று நாள் முன்பு படியையும் சுவரையும் நிறுத்திவிடுங்கள், இலேசான சைக்கிள் இருபது நிமிடம் மட்டும். ஸ்கீச் சப்பாத்து சொந்தமாக இருந்தால் அந்த நாட்களில் வீட்டுக்குள்ளே அரை மணித்தியாலம் போட்டு நில்லுங்கள், எங்கே அழுத்துகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

வாடகைக்கு எடுக்கும்போது நிறை கேட்பார்கள். உண்மையான நிறையைச் சொல்லுங்கள். கூட ஆட்கள் நிற்கிறார்கள் என்று ஐந்து கிலோ குறைத்தோ கூட்டியோ சொல்லாதீர்கள். விழும்போது சப்பாத்து ஸ்கீயிலிருந்து எந்த அழுத்தத்தில் கழர வேண்டும் என்பதை நிறை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், உங்கள் பழக்கம் எல்லாம் வைத்துத்தான் அமைக்கிறார்கள். பிழையான நிறை சொன்னால் கழர வேண்டிய நேரத்தில் கழராது, அல்லது சும்மா நிற்கும்போது கழரும். சொந்த ஸ்கீ என்றால் சப்பாத்தை ஸ்கீயோடு சேர்க்கிற பிடிப்பை ஒவ்வொரு வருடமும் பரிசோதிக்கக் கொடுங்கள்.

மேலே போனதும் முதல் இரண்டு இறக்கம் நீலச் சரிவில் மெதுவாக, உடம்பு சூடாகும் வரை. பதினொரு மணிக்கு ஒரு தடவை உட்கார்ந்து தேத்தண்ணீரும் கொண்டுபோன பணிஸும். மூன்று மணிக்குப் பிறகு பனி கரைந்து மேடு பள்ளமாகும், வெளிச்சமும் மங்கி அந்த மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, கால் களைத்திருப்பதும் அப்போதுதான். மகள் ஒவ்வொரு தடவையும் "அம்மா, கடைசியா ஒண்டு" என்பாள். போன பெப்ரவரியில் அவள் அப்படிக் கேட்டபோது நான் கதிரை லிஃப்டில் இருந்தபடி தொடையைக் கையால் அமர்த்திப் பார்த்தேன். இறுக்கம் இருந்தது, எரிவு இல்லை. "சரி, வா" என்று அவளோடு இறங்கினேன். அதற்கடுத்த தடவை கேட்டபோது எரிவு இருந்தது. லிஃப்டிலேயே கீழே வந்தேன்.